பொதுச் சுகாதாரப் பணியாளர் மேலாண்மையில் மின்னணுக் கருவிகள் (இந்தியா)

அரசு சுகாதாரப் பணியாளர்களின் நியமனம், பணியிடம், வருகை, ஊதியம், களப்பணி ஆகியவற்றைக் கணினியிலும் கைப்பேசியிலும் பதிந்து நிர்வகிக்கும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். இந்தியாவில் இவை ஒரே திட்டமாகத் தோன்றவில்லை. 2000க்குப் பின் ஒவ்வொரு துறையும் மாநிலமும் தத்தம் அவசரத்துக்கு ஏற்பத் தொடங்கியவை. அதனால் ஒன்றோடொன்று பேசாத பல தளங்களாக வளர்ந்தன.

அதற்கு முன் எல்லாம் காகிதம். கர்தார் சிங் குழுவின் 1973ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பிறகு துணை சுகாதார நிலையச் செவிலியர் பல்நோக்குப் பணியாளர் ஆனார். வேலை கூடக்கூட அவருடைய பதிவேடுகளும் கூடின: கர்ப்பிணிகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, தகுதியுள்ள தம்பதியருக்கு ஒன்று. மேலதிகாரி பார்த்தது அந்த நோட்டுகளைத்தான். ஆள் இருந்தாரா என்பதை ஊர்தான் அறியும். ஆறு நாடுகளில் முன்னறிவிப்பின்றி நேரில் சென்று பார்த்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் சுகாதாரப் பணியாளரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பணியிடத்தில் இல்லை என்றது.

அதே ஆண்டு ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் தொடங்கிய சோதனை, பின்னாளில் வந்த பல திட்டங்களின் கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டது. சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் செவிலியர்களுக்குத் தேதியும் நேரமும் பதிக்கும் முத்திரைக் கருவி கொடுத்தன. நிலையத்தின் சுவரோடு பிணைக்கப்பட்ட பதிவேட்டில் நாளொன்றுக்கு மூன்று முறை முத்திரை குத்த வேண்டும்; வராத நாட்கள் மிகுந்தால் ஊதியம் பிடிக்கப்படும். முதல் மாதங்களில் வருகை நன்றாகவே உயர்ந்தது. பிறகு, பணி நிமித்தம் வெளியே சென்றதாகக் கணக்கிடப்படும் 'விலக்கு நாட்கள்' பெருகத் தொடங்கின. பதினாறு மாதங்களில், கண்காணிக்கப்பட்ட நிலையங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடே இல்லாமல் போயிற்று. கருவியைச் சுற்றி வழிவிட்டது நிர்வாகம்தான். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர் ஆகியோர் 2008இல் இம்முடிவுகளை வெளியிட்டனர்.

அடுத்த அலை, பணியாளரைவிட அவர் கவனிக்கும் தாயையும் குழந்தையையும் பெயர் வாரியாகப் பதிந்தது. தமிழ்நாட்டில் 2008இல் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பதியும் பிக்மி தளம், மத்திய அரசில் 2009இல் தாய்-சேய் கண்காணிப்பு முறை, 2016இல் கிராமச் செவிலியருக்கான அன்மோல் செயலி என்று அது நீண்டது. எந்தத் தாயை எந்தச் செவிலியர் பார்த்தார் என்பது திரையில் தெரிந்ததால் இவை பணியாளரையும் அளந்தன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் தேவை என்றானபின் கிராம சுகாதார செவிலியரின் கணினிப் பதிவு குடும்பங்களுக்கும் அவசியமாயிற்று. பகலில் நோட்டில் எழுதியதை மாலையில் கணினியில் ஏற்றும் இரட்டை வேலை பலருக்கு வழக்கமானது. ஒரு கருவியைக் கொடுத்த கையோடு பழைய நோட்டை வாங்கிக்கொள்ளும் துணிவு நிர்வாகத்துக்கு அரிதாகவே வருகிறது.

மாறாக, ராஜஸ்தான் 2014 இறுதியில் தொடங்கிய 'ஆஷா சாஃப்ட்' பணியாளரின் பக்கத்திலிருந்து சிந்தித்தது. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு உருவான ஆஷா என்ற சமூக சுகாதாரப் பணியாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசவத்துக்கு அழைத்துச் செல்வது, தடுப்பூசிக்குக் கூட்டிவருவது எனப் பெரும்பாலும் பணிதோறும் ஊக்கத்தொகைதான் கிடைத்தது. அது கைக்கு வரத் தாமதமானது. ஆஷா சாஃப்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிமைக்கோரிக்கை பதிவானதும் தொகை நேரே வங்கிக் கணக்குக்குச் சென்றது. யார் எந்தப் பணியைச் செய்கிறார் என்ற தரவும் கூடவே கிடைத்தது. பணியாளர் தாமே விரும்பித் தரும் தரவுக்கு முத்திரைக் கருவி தேவைப்படுவதில்லை.

கண்காணிப்பே முன்னால் நின்ற இடங்களில் எதிர்ப்பு வந்தது. 2021இல் ஹரியானாவில் கைப்பேசியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் 'எம்டிஎம் 360 ஷீல்ட்' செயலியை ஏற்க ஆஷா பணியாளர்கள் மறுத்துப் போராடினர். அதே ஆண்டு மகாராஷ்டிர அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு தந்த கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்தனர். ஊட்டச்சத்துப் பதிவுக்கான போஷன் டிராக்கர் ஆங்கிலத்தில் இருந்ததும், கைப்பேசியின் நினைவகம் போதாததும் அவர்களின் குறைகள். அச்செயலி பின்னர் இந்திய மொழிகளில் வந்தது.

நாட்டில் எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் என்ற அடிப்படைக் கேள்விக்கோ நெடுங்காலம் நம்பகமான விடை இல்லை. மருத்துவ, செவிலியர் கவுன்சில்களின் பதிவேடுகளில் இறந்தோரும் வெளிநாடு சென்றோரும் பெயர் நீங்காமல் இருந்தனர். கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16இல் சுகாதாரப் பணியாளர்களிலிருந்தே தொடங்க வேண்டியிருந்ததால், அரசு, தனியார் பணியாளர் பட்டியல்கள் முன்னதாகத் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் ஏற்றப்பட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுவதும் விரிந்தபோது, சுகாதாரத் தொழில்முறையினர் பதிவகம் அதன் உறுப்பாயிற்று.

வருகைக் கண்காணிப்பு மருத்துவர்களையும் எட்டியது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆதார் வழி வருகைப்பதிவைக் கட்டாயமாக்கிய தேசிய மருத்துவ ஆணையம், 2025 மே மாதம் முதல் அதை முக அடையாள முறைக்கு மாற்றியது. அதே மாதம் ஆசிரியர் பற்றாக்குறை, வருகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டுத் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நோட்டீஸ் சென்றது. காலிப் பணியிடங்களை அரசு நிரப்பாததே காரணம் என்று மருத்துவர் சங்கங்கள் பதில் கூறின.