சுண்டல்: ஊற வைக்க மறந்தாலும் 10 நிமிடத்தில் எப்படி?

ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் சுண்டல் பற்றிக் கேட்டால், முதலில் கோவில் நினைவுதான் வரும். நவராத்திரி ஒன்பது நாளும் கையில் ஒரு பிடி கொண்டைக்கடலை. ஆனால் வீட்டில் அது சாமி பிரசாதம் மட்டும் இல்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டிய வீடுகளில், முதல் நாள் ராத்திரியே ஊற வைத்த கடலை, காலையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாகவும் ஆனது. (வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டினால்தான் ரப்பர் பால் நன்றாக வடியும். அதனால்தான் அந்த விடிகாலை அவசரம்.)

இப்போது பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நீலாய், செரம்பான் பக்கம் சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளே வந்துவிட்டன. பிள்ளைகள் கோலாலம்பூரில் வாடகை அறையில் இருக்கிறார்கள். கடலையை ஊற வைக்க யாருக்கு ஞாபகம் இருக்கு?

அதற்குத்தான் டின் கடலை. மலாயில் கச்சாங் குடா. 400 கிராம் டின் ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம். டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்த கடலை. நாம் செய்வது தாளிப்பு மட்டும்தான்.

முதலில் தண்ணீரை வடித்து, குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள். இதைத் தவிர்க்காதீங்க. டின் தண்ணீரில்தான் உப்பு அதிகம். வடித்துக் கழுவினால் சோடியம் சுமார் 40 விழுக்காடு குறையும். ஈரம் போக வடிய விடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும்.

சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், கடுகு. கடுகு வெடித்ததும் ஒரு தேக்கரண்டி உளுத்தம் பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, துளி பெருங்காயம். உளுந்து பொன்னிறமாகும்போது கடலையைக் கொட்டி நான்கு நிமிடம் கிளறுங்கள். ருசி பார்த்த பிறகே உப்பு. அடுப்பை அணைத்துவிட்டுத் தேங்காய்த் துருவலும் எலுமிச்சைச் சாறும். மாசாக் லெமாக் ஊர்க்காரர்கள் காய்ந்த மிளகாய்க்குப் பதில் சிலி பாடியை நறுக்கிப் போடலாம். வறுத்த நெத்திலி சேர்த்தால் இன்னும் நல்லா இருக்கும், கோவிலுக்கு மட்டும் வேண்டாம். தேங்காய் சேர்த்த சுண்டல் நம்ம வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் தேங்காயைத் தவிருங்கள்.

காய்ந்த கடலைதான் கையில் இருக்கா? எட்டு மணி நேரம் ஊற வைத்து, குக்கரில் நான்கைந்து விசில். கடலை வெந்த பிறகே புளிப்பு. முன்னாடியே போட்டால் கடலை மெத்தென்று வேகாது.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம் தேவை. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருளே காரணம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, பிறகு மெத்தென்று வேகவிடுங்கள். மிதச் சூட்டில் வேகும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. டின்னில் வருவதற்கு இந்தப் பயம் இல்லை.

சத்து? வெந்த கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம், அதோடு நார்ச்சத்து. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அந்த அளவு இன்னும் அதிகம். கடலை, சோற்றைப் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றாது. ஆனால் தட்டு நிறையச் சோறு போட்டு ஓரத்தில் இரண்டு கரண்டி சுண்டல் வைத்தால் கணக்கு மாறாது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டலை வைக்க வேண்டும்.