ஸரந்தீப் இப்ரீத்: ஒரு விளையாட்டு அட்டையில் எங்கள் தீவின் பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் தீவுக்கு எத்தனை பெயர்கள் என்று கேட்டால் தப்ரபேன், ஈழம், லங்கா, சிலோன் என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். அரபு மாலுமிகள் சொன்ன ஸரந்தீப் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பெயர் 1994 ஆம் ஆண்டு ஓர் உலக சம்பியன் போட்டியின் இறுதியாட்டம் வரை போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அது கிரிக்கெட்டும் இல்லை, சதுரங்கமும் இல்லை. 'மெஜிக்: த கெதரிங்' என்ற அட்டை விளையாட்டு. இன்றைய பிள்ளைகள் அறிந்த போகிமொன், யூகியோ அட்டைகளுக்கெல்லாம் மூத்தது. இதை உருவாக்கியவர் றிச்சட் கார்பீல்ட், ஐக்கிய அமெரிக்காவில் கணிதம் கற்பித்தவர். 1993 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முதலாவது துணைத் தொகுதி வந்தது. அதன் பெயர் 'அரேபியன் நைட்ஸ்'. 78 வகை அட்டைகள். அலாவுதீனின் விளக்கு, பறக்கும் கம்பளம், பக்தாத் கடைவீதி, அலெக்சாந்திரியா நூலகம், ஷெஹ்ரஸாத், சிந்துபாத் எல்லாம் அதில் உண்டு.

சிந்துபாத் வந்தால் ஸரந்தீபும் வரத்தானே வேண்டும்? ஆயிரத்தொரு இரவுகள் கதையில் ஆறாவது பயணத்தில் கப்பல் உடைந்து, மலைக்கு அடியால் ஓடும் ஆற்றில் தெப்பம் கட்டி, சிந்துபாத் வந்து சேரும் நாடு எங்கள் நாடு. இங்குள்ள அரசன் கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்குப் பரிசுகள் கொடுத்தனுப்புகிறான். கதை கற்பனைதான். ஆனால் இந்தக் கடல்வழி கற்பனையில்லை. 1344 இல் இப்னு பதூதா வந்து பாவா ஆதம் மலை ஏறிச் சென்றது பயணக் குறிப்பாகவே இருக்கிறது. அந்த வழியால் போன பெயர்தான் கார்பீல்டின் அட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்றல்ல, இரண்டு அட்டைகள்: ஸரந்தீப் ஜின், ஸரந்தீப் இப்ரீத்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருவர் ஆடுவார்கள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தெரிந்து அடுக்கிக்கொண்டு வருவார். ஆகக் குறைந்தது 60 அட்டை. சாதாரண நில அட்டைகளைத் தவிர, ஒரே அட்டை நான்குக்கு மேல் கூடாது. நில அட்டைகள் சக்தி தரும். அந்தச் சக்தியைச் செலவழித்து மற்ற அட்டைகளை இறக்கலாம். தாக்கிய அட்டையைச் சரித்து வைக்க வேண்டும். தன் அடுத்த முறையில் அதை நிமிர்த்தலாம். எனவே சுவையே கட்டில்தான் இருக்கிறது. ஒருவர் வேகத்தை நம்பிக் கட்டுவார். இன்னொருவர் எதிரியைக் கட்டிப்போடுவதை நம்பிக் கட்டுவார். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கருப்பொருள். ஆட்டம் என்பது இரண்டு கருப்பொருள்கள் மோதுவது.

ஸரந்தீப் இப்ரீத் நீல நிற அட்டை. மூன்று சக்திக்கு இறக்கலாம். தாக்கும் வலு 3, தாங்கும் வலு 4, பறக்கவும் செய்யும். அக்காலத்தில் எல்லோரும் வைத்திருந்த 'மின்னல்' அட்டை மூன்று புள்ளிச் சேதம் தரும். இப்ரீத் நான்கைத் தாங்குவதால் ஒரு மின்னலுக்கு விழாது. ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் அது உங்களுக்கே ஒரு புள்ளி சேதம் செய்யும். இப்ரீத்தை வேலைக்கு வைத்தால் கூலி உங்கள் உயிரிலிருந்து போகும்! அதே தொகுதியில் 'சுலைமான் அரசர்' என்ற அட்டையும் உண்டு. வலு வெறும் 1. ஆனால் ஒரு ஜின்னையோ இப்ரீத்தையோ அழிக்கும் ஆற்றல் அதற்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஸூரத்துன் நம்ல் ஓதியவர்களுக்கு இந்தத் தொடர்பை விளக்கத் தேவையில்லை.

இனி 1994 ஆகஸ்ட், மில்வோக்கி நகரம். இறுதியாட்டத்தில் ஐக்கிய அமெரிக்காவின் சக் டோலன், பிரான்ஸின் பேர்ட்ரண்ட் லெஸ்ட்ரே. லெஸ்ட்ரேயின் கட்டு வேகக் கட்டு. சிறிய விலங்குகள், மின்னல்கள், கூடவே ஸரந்தீப் இப்ரீத். விலங்குகள் நிறைந்திருப்பதால் இந்த வகையை 'மிருகக்காட்சிசாலை' என்றே அழைத்தார்கள். டோலனின் கட்டு அதற்கு நேர் எதிர். சரிந்த அட்டைகள் நிமிராமல் ஆட்டத்தையே உறைய வைக்கும் அட்டைகளும், வலு 4 உள்ள பறக்கும் 'செரா' வானவர் அட்டையும் அதில் இருந்தன. அதிலிருந்த 'மீக்ஸ்டோன்' என்ற கல்லை மட்டும் பாருங்கள். அது மேசையில் இருந்தால், வலு 3 அல்லது அதற்கு மேல் உள்ள எந்த உயிரியும் சரிந்த பின் நிமிராது. இப்ரீத் ஒரு தடவை தாக்கினால் அப்படியே கிடக்க வேண்டியதுதான். கிடந்தாலும் தன் எசமானுக்கு முறைக்கு ஒரு புள்ளி சேதம் செய்வதை அது நிறுத்தாது. வானவர் அட்டையோ தாக்கும்போது சரிவதே இல்லை. கல்லால் அதற்கு ஒன்றும் ஆகாது. டோலன் வென்று முதலாவது உலக சம்பியன் ஆனார்.

இந்த இடத்தில் வரலாற்றுப் பாடத்துக்கு வேண்டிய ஒரு சங்கதி வருகிறது. அதே 1994 இல், போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் வந்த திருத்திய பதிப்பில் ஸரந்தீப் இப்ரீத்தை மீண்டும் அச்சிட்டார்கள். பெயர் சரி, எழுத்தும் சரி. ஆனால் படம் வேறொரு இப்ரீத்தின் படம். அட்டையின் சட்டமும் நீலத்துக்குப் பதிலாகப் பச்சை. பதிப்பின் பெயர் 'திருத்தியது', உள்ளே இருப்பது பிழை! பிறகு வந்த தீர்ப்பு: பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் அது நீல அட்டைதான். நீல அட்டைகளை அழிக்கும் சிவப்பு அட்டை ஒன்று உண்டு; அது இந்தப் பச்சை இப்ரீத்தையும் அழிக்கும். கண்ணை நம்பி ஆடுகிறவர் தோற்பார். முதல் பதிப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்தவர் வெல்வார்.

ஆண்டுக்கு ஆண்டு புதிய தொகுதிகள் வந்தன. விதிகளும் மாறின. பழைய கட்டுகள் புதியவற்றுக்கு முன் நிற்க முடியாமல் பெட்டிக்குள் போயின. அப்போது 2007 இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் சில நண்பர்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள்: 1993, 1994 ஆம் ஆண்டுகளின் அட்டைகளை மட்டும் வைத்து ஆடுவோம். இதுதான் 93/94 என்ற பழைய முறை. அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. அவர்களின் சுற்றுப்போட்டியில் வென்றவருக்குப் பணமுடிச்சு இல்லை. 'பெருஞ்சுறா' என்ற, ஆட்டத்தில் பெரிதாக உதவாத ஓர் அட்டையில் பங்குபற்றிய எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுப்பார்கள்.

இப்போது அந்த மேசைகளில் 1994 மீண்டும் நடக்கிறது. ஒரு பக்கம் நீலமும் சிவப்பும் கலந்த வேகக் கட்டு: ஸரந்தீப் இப்ரீத் இறங்கி அடிக்கும், மின்னல்கள் மிச்சத்தை முடிக்கும். மறுபக்கம் பிறயன் வைஸ்மன் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் புகழ்பெறச் செய்த கட்டு. அதற்குப் பெயரே 'த டெக்', அதாவது 'கட்டு' என்பதுதான். எதிரி செய்வதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடுத்து, கையில் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் வானவர் அட்டையை இறக்கி முடிக்கும் பொறுமைக் கட்டு அது. வானவருக்கு ஐந்து சக்தி வேண்டும், இப்ரீத்துக்கு மூன்றே போதும். நேருக்கு நேர் மோதினால் வானவர் பிழைக்கும், இப்ரீத் சாகும். ஆகவே இப்ரீத்தின் ஆட்டமெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். வானவர் வருமுன் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் எசமானின் உயிரையே தின்னத் தொடங்கிவிடும். இந்தக் கணக்கு அன்றும் இதுதான், இன்றும் இதுதான்.

ஆனால் 'பழையபடி ஆடுவோம்' என்று சொல்வது இலகு. எந்தப் பழையது? சுவீடன்காரர்களின் விதி முதல் பதிப்புகளையே கேட்டது. அவற்றின் விலையோ சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாதது. வேறு குழுக்கள் மறுபதிப்புகளுக்கும் கதவைத் திறந்தன. இப்ரீத்தைப் பொறுத்தவரை பிழையாக அச்சான பச்சை அட்டைதான் மலிவு. வசதி குறைந்தவருக்கு ஸரந்தீப் பச்சை நிறத்தில்தான் கிடைக்கும்!

இன்னொரு கேள்வி 2020 ஜூனில் வந்தது. இனவாதச் சாயல் கொண்டவை, பண்பாடுகளைப் புண்படுத்துபவை என்று சொல்லி ஏழு பழைய அட்டைகளை அந்த நிறுவனம் தடை செய்தது. 'அரேபியன் நைட்ஸ்' தொகுதியின் 'ஜிஹாத்' என்ற அட்டையும், 'சிலுவைப்போர்' என்ற அட்டையும் அவற்றில் அடங்கும். பழைய முறையின் விதிகளை நிறுவனம் எழுதுவதில்லை, ஆடுகிறவர்களே எழுதுகிறார்கள். ஆகவே அந்தத் தடை அவர்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. வைப்பதா, விடுவதா என்பதை அவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு மார்க்கச் சொல்லைச் சண்டை அட்டைக்குத் தலைப்பாக்கியது சரியில்லை என்பதே என் கருத்து. அதே வேளை அப்படி ஓர் அட்டை 1993 இல் அச்சாகியது என்பதை மறைப்பதும் வரலாறு ஆகாது. ஆடாமல் விடலாம். இருந்ததே இல்லை என்று சொல்லக்கூடாது.

பழைய ஒன்றை மீண்டும் நடத்திப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எந்த ஆண்டு? எந்தப் பிரதி? எதை வைப்பது, எதை விடுவது? கோதன்பேர்க் நண்பர்கள் அட்டைகளை வைத்து இதைச் செய்தார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்களும், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர் தொகுக்கிறவர்களும் இதே கேள்விகளில்தான் இடறுகிறார்கள். 'திருத்திய பதிப்பு' என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி, பிழையைப் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டில் அட்டை விளையாடும் பிள்ளை இருந்தால், "படிக்காமல் என்ன இது?" என்று ஏசுமுன் ஒரு தடவை பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்த அட்டையில் உள்ள பெயர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

உங்கள் ஊரில் ஸரந்தீப் என்ற பெயர் எங்கெல்லாம் இன்னும் வழங்குகிறது? கடைப் பெயர், கழகப் பெயர், பெரியவர்களின் பேச்சு, எதுவானாலும் கீழே எழுதுங்கள். தொகுத்து வைப்போம்.