திருமலையில் அடித்த காசு

கையில் எடுத்தால் காசு என்று உடனே தோன்றாது. தடித்த செப்புத் துண்டு. வட்டம் சரியாக வராது. விளிம்பில் ஓரிடம் வெட்டுப்பட்டு நிற்கும், இன்னோரிடம் பிதுங்கியிருக்கும். சாய்த்துப் பிடித்து வெளிச்சம் படவைத்தால் ஒரு பக்கத்தில் பெரிய 'வீ' எழுத்து தெரியும். அதன் இடக்காலில் 'ஓ', வலக்காலில் 'சீ'. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. மறுபக்கம் ஒரு ஸ்டைவர் என்ற மதிப்பும் அதன் கீழ் ஆண்டும். கம்பெனிக் காசுகளில் இவ்வளவும் பொதுவானவைதாம். சேகரிப்பவரின் கண் தேடுவது, முத்திரைக்கு மேலே தனியாக நிற்கும் ஒற்றை எழுத்தை: 'டி'. திருகோணமலையில், சுருக்கமாகத் திருமலையில், அடிக்கப்பட்ட காசு என்பதற்கு அதுதான் அடையாளம்.

இலங்கையில் ஒல்லாந்தர் இப்படி நான்கு ஊர்களின் எழுத்தைக் காசில் பொறித்தார்கள். கொழும்புக்கு 'சீ', காலிக்கு 'ஜீ', யாழ்ப்பாணத்துக்கு 'ஐ', திருகோணமலைக்கு 'டி'. கொழும்புக் காசும் காலிக் காசும் பழம்பொருள் கடைகளில் இன்றும் கண்ணில் படும். திருமலைக் காசு அப்படிப் படாது.

இந்தக் காசு பிறந்ததற்குக் காரணம் ஒரு போர். 1780இல் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் மோதத் தொடங்கின. ஒல்லாந்திலிருந்து காசும் சரக்கும் கொண்டுவரும் கப்பல்களின் வழி அறுந்தது. 1782 ஜனவரியில் திருகோணமலையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். மூன்று நாளில், செப்டெம்பர் 3ஆம் திகதி, வெளிக்கடலில் சுஃப்ரனும் ஆங்கில அட்மிரல் ஹியூஸும் பீரங்கிகளால் பேசிக்கொண்டார்கள். சமாதானம் வந்தபிறகே துறைமுகம் திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. இத்தனை கைகள் மாறிய இடத்தில் பெட்டியில் எவ்வளவு காசு மிஞ்சியிருக்கும்?

போர் முடிந்தும் கம்பெனி நிமிரவில்லை. ஐரோப்பாவில் அச்சடித்து வந்துகொண்டிருந்த டொயிட் செப்புக்காசுகள் போதவில்லை. சிப்பாய்க்குச் சம்பளம், கோட்டையில் கல் சுமந்தவனுக்குக் கூலி, மீனுக்கும் அரிசிக்கும் கொடுக்கச் சில்லறை, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 1783 முதல் இலங்கையிலேயே ஸ்டைவர் அடித்தார்கள். 1785இல் கடதாசிப் பணமும் வந்தது. இலங்கை கண்ட முதல் கடதாசிப் பணம் அதுதான். ஆனால் சந்தையில் கீரை வாங்கக் கடதாசி உதவாது. நான்கு ஸ்டைவர் ஒரு பணம், பன்னிரண்டு பணம் ஒரு ரிக்ஸ்டொலர் (நம்மவர் வாயில் இறைசால்) என்று ஓடிய கணக்கில், அடிமட்டத்துக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் செம்பில்தான் நடந்தது.

கொழும்பில் அடித்ததைத் திருமலைக்கு அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1766 உடன்படிக்கையில் கண்டி மன்னன் கரையோரம் முழுவதையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தான். நடுநாடு அவனிடமே இருந்தது. கொழும்பிலிருந்து குறுக்கே நடந்து கிழக்குக் கரைக்கு வர வழியில்லை. கடலோ வாடைக்காற்றும் கச்சான்காற்றும் சொன்னபடி திறந்து மூடும். சோழமண்டலக் கரையில் மாரிப் புயலுக்கு ஒதுங்க இடம் இல்லாத கப்பல்களுக்குத் திருகோணமலைதான் புகலிடம். அந்தக் காரணத்துக்காகவே எல்லா வல்லரசும் அதன்மேல் கண் வைத்தன. அதே காரணத்தால் ஊர் நிறையச் சிப்பாய்கள் நின்றார்கள். ஐரோப்பியரும் மலாய்ச் சிப்பாய்களும் அடைந்து கிடந்த கோட்டையில் சில்லறை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அதிகாரிகள் அறிவார்கள். ஆகவே 1780களின் கடைசியிலும் 1790களின் தொடக்கத்திலும் திருமலை தன் காசைத் தானே அடித்துக்கொண்டது.

செம்பு எங்கிருந்து வந்தது? கம்பெனி ஆசியாவில் கையாண்ட செம்பில் பெரும்பகுதி ஜப்பானுடையது. ஷிகோகு தீவின் பெஷி போன்ற சுரங்கங்களில் தோண்டி, ஒசாகாவில் உருக்கிச் சுத்தம் செய்து, விரல் தடிப்பில் கோல்களாக வார்ப்பார்கள். நாகசாகித் துறையில், தெஷிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவில், அந்தக் கோல்கள் பெட்டி பெட்டியாக ஒல்லாந்தக் கப்பல்களில் ஏறும். வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த ஜப்பானில் ஐரோப்பியரில் ஒல்லாந்தருக்கு மட்டுமே அந்த வாசல் திறந்திருந்தது. அங்கிருந்து ஜாவாவின் பத்தாவியா, பிறகு வங்கக் கடல் ஓரத்துத் துறைகள். கோணேசர் மலைக்குக் கீழே அடிக்கப்பட்ட காசுக்குள் ஜப்பானிய மலை ஒன்றின் செம்பு இருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்குவதில்லை.

செம்பைத் துண்டாக்கி, இரண்டு அச்சுக்களுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு பெரிது, துண்டு சிறிது. எழுத்து முழுவதும் துண்டில் விழாது. ஒரு காசில் 'டி' இருக்கும், ஆண்டு வெளியே போயிருக்கும். இன்னொன்றில் ஆண்டின் முதலிரண்டு இலக்கம் மட்டும் நிற்கும், எந்த ஊர் என்பது தெரியாது. அடித்தவனுக்கு அதில் கவலை இல்லை. எடை சரியென்றால் காசு செல்லும். இன்று சேகரிப்பவருக்கோ உயிரே அதில்தான். 'டி'யும் முத்திரையும் மதிப்பும் நான்கு இலக்க ஆண்டும் ஒரே துண்டில் பிழையில்லாமல் விழுந்த காசைக் காண்பது அபூர்வம்.

திருமலைக் காசுச்சாலையின் ஆயுள் குறைவு. 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் திருமலைக் கோட்டையும் அருகிலிருந்த ஒஸ்டன்பேர்க் கோட்டையும் விழுந்தன. 1796 பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. 1799 டிசெம்பர் 31ஆம் திகதியோடு கம்பெனியே இல்லாமற் போயிற்று. ஆங்கிலேயர் 1801 முதல் யானை பொறித்த தடித்த செப்புக்காசுகளை அடித்தார்கள். 1825இல் கணக்கைப் பவுண்ஸ், ஷிலிங் என்று மாற்றினார்கள். 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய செம்பு கன்னாரின் உலைக்குப் போனது. காசாகச் செல்லாதது செம்பாகச் செல்லும் அல்லவா? குடமாகவும் சட்டியாகவும் மாறி அந்தக் காசுகள் நம் வீடுகளில் தண்ணீர் சுமந்திருக்கும்.

அப்படியென்றால் அரிதாக இருப்பதாலா இதற்கு மதிப்பு? அரிதான எத்தனையோ பொருளைச் சீண்ட ஆளில்லை. அமெரிக்காவின் பேஸ்போல் அட்டைகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1909 தொடக்கம் 1911 வரை சிகரட் பெட்டிகளோடு வெளிவந்த அட்டை வரிசை ஒன்றில் ஐநூறுக்கு மேற்பட்ட அட்டைகள். அதில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை அவருடைய மறுப்பால் இடையில் நிறுத்தப்பட்டது. எஞ்சியவை அறுபதுக்குச் சற்று முன்பின். 2022இல் ஒன்று 72.5 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அந்த அட்டை தனியாக வந்திருந்தால் இத்தனை பேர் அலைந்திருப்பார்களா? வரிசை இருப்பதால்தான் வெற்றிடம் தெரிகிறது. மற்ற எல்லாம் சேர்த்தவனின் ஆல்பத்தில் ஓரிடம் காலியாகக் கிடந்து அவனைத் தூங்கவிடாது. இலங்கைச் செப்புக்காசிலும் அதே கதை. 'சீ', 'ஜீ', 'ஐ' மூன்றும் மெல்ல மெல்லச் சேரும். நான்காவது குழி காத்துக்கிடக்கும்.

மிக்கி மென்டில் என்ற இன்னொரு ஆட்டக்காரரின் அட்டையின் கதை இன்னும் பொருத்தம். 1952இல் டொப்ஸ் நிறுவனம் அச்சிட்டது. பருவம் முடியும் நேரத்தில் வந்த அட்டைகள் விற்காமல் பெட்டி பெட்டியாகத் தேங்கின. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றி நியூ யோர்க்குக்கு வெளியே அட்லாண்டிக்கில் கொட்டினார்கள். தப்பியவற்றில் ஒன்றை 2022இல் 126 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கினார்கள். வாழ்ந்த காலத்தில் எவரும் பத்திரப்படுத்தாத பொருள்தான் பிற்காலத்தில் தேடப்படுகிறது. அரசன் பரிசாகக் கொடுத்த தங்கப் பதக்கத்தை வீட்டில் பூட்டி வைப்பார்கள். சிப்பாய் சந்தையில் வீசிய செப்புக்காசை யார் பூட்டி வைப்பார்?

இன்னொன்றும் வேண்டும்: பெயர் சூட்டும் புத்தகம். சிவில் சேவை அதிகாரியாக இங்கிருந்த எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய தன் பெருநூலை வெளியிட்டார். குழிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கிடந்த துண்டுகளுக்கு ஊரும் ஆண்டும் வகையும் கிடைத்தன. அதன்பின் 'டி' காசு வைத்திருந்தவருக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பது தெரிந்தது.

ஆனால் அட்டைக்கும் காசுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அட்டை உலகில் மூலை மழுங்காமல், நடுக்கோடு விலகாமல் இருந்தால் பத்துக்குப் பத்து. பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மேலே எண் ஒட்டிவிடுவார்கள். கையால் அடித்த காசுக்கு அந்தத் தராசு பொருந்தாது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லாதபோது எதை எதோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது? தேய்மானம்கூட இங்கே குறை ஆகாது; அது இந்த மண்ணில் கைமாறியதன் தடம். இலங்கைச் சேகரிப்பாளர்கள் உயிராய் மதிக்கும் 1859ஆம் ஆண்டு நாலு பென்ஸ் வெளிர்ரோசாத் தபால் முத்திரைகூட லண்டனில் அச்சாகி வந்தது. இந்தக் காசு அடிக்கப்பட்டதும் செலவானதும் ஒரே ஊரின் வட்டாரத்தில். என் கணிப்பில் அதன் கவர்ச்சியின் வேர் இதுதான். மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகு.

திருமலையில் காசு சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இரண்டு 'டி' காசுகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று கறுப்புக் கலந்த பழுப்பு நிறம். எழுத்துகளின் பள்ளத்தில் காலம் படிந்து, உருவம் தெளிவாக எழுந்து நிற்கிறது. மற்றது புதுச் சட்டி போலச் செக்கச் சிவப்பு. "பாரும் தம்பி, புளி போட்டு விளக்கிப்போட்டினம்," என்றார் அவர். ஒரு குடும்பத்தில் பூசை விளக்குகளோடு இதையும் சேர்த்துத் தேய்த்திருக்கிறார்கள். இருநூறு வருடம் படிந்த மேற்றோல் ஒரு காலையில் போய்விட்டது. "விளக்கினவை மேல் பிழை சொல்ல ஏலாது, சேர்," என்றேன். "பிழை இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததுதான் பிழை," என்றார்.

போலிகளைப் பற்றியும் அவர் சொன்னார். காலிக் கோட்டையில் உல்லாசப் பயணிகளிடம் நீட்டப்படும் பழங்காசுகளில் வார்ப்புகள் கலந்திருக்கும். வார்த்த காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல்கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பூதக்கண்ணாடியில் ஊசித்துளை போன்ற காற்றுக்குமிழ்கள் தெரியும். எல்லாவற்றையும் விட உறுதியான சோதனை: ஒரே மாதிரிக் கோணல், ஒரே மாதிரி வெட்டு உள்ள இரண்டு காசு கையில் வந்தால் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சம்மட்டி ஒரே அடியை இரண்டு தரம் அடிக்காது.

கடலோரத்தில் கிடைப்பவற்றுக்கு வேறு ஆபத்து. ஒல்லாந்தர் குடாவிலோ உட்துறைமுகக் கரையிலோ உப்பில் ஊறிய செம்பில் பச்சை மாவு பூக்கும். உப்பின் குளோரைட் உள்ளே இருக்கும்வரை அது தின்றுகொண்டே போகும். ஈரம் படாமல் உலர வைத்து, தெரிந்தவர் கையில் கொடுப்பது ஒன்றே வழி.

சட்டமும் இந்தக் காசைத் தெரிந்து வைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தியதைத் தொல்பொருள் என்கிறது. 'டி' காசு முழுக்க அந்த எல்லைக்குள் வருகிறது. மண்ணில் கண்டெடுத்தவர் கண்டெடுத்ததால் மட்டும் அதற்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. ஆனால் சட்டத்துக்கு முன்பே எத்தனையோ கப்பல் ஏறிவிட்டன. உள்நாட்டுப் போரும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது. 1983க்குப் பிறகும் 1990இலும் திருகோணமலை மாவட்டத்தில் உடுத்த துணியோடு வெளியேறிய வீடுகளில் தகரப் பெட்டியில் கிடந்த பழங்காசைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்?

ஆசிரியரிடம் உள்ள ஒவ்வொரு காசும் தனித்தனிக் கடதாசி உறையில் இருக்கிறது. உறையின் மேல் விலை இல்லை. எந்த ஊரில், எந்த வளவில், கிணறு வெட்டும்போதா தோட்டம் கொத்தும்போதா வந்தது என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். மூதூர், கொட்டியாறு, கோட்டைக்கு வெளியே ஒரு வளவு. அந்தக் குறிப்புகளைச் சேர்த்து வைத்தால், இந்தக் காசு எவ்வளவு தூரம் ஓடியது, கோட்டைச் சிப்பாய் செலவழித்த செம்பு எந்தக் கமக்காரன் வீட்டில் போய் நின்றது என்பதற்கு ஒரு வரைபடமே கீறலாம். ஏலக்கடையில் வாங்கிய காசை வைத்து அதைக் கீற முடியாது. தன் காலத்துக்குப் பின் உறைகளோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் திருமலையிலேயே பார்வைக்கு வைக்கச் சம்மதிக்கும் இடத்துக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்.