மார்ச்சில் கோஸ்டா ரிக்கா, மே மாதத்தில் ஏரிக்கரை

அமெரிக்காவின் ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வசந்த காலத்தில் இரண்டு பயணங்கள் வாய்க்கின்றன. மார்ச்சில் பள்ளி விடுமுறை விட்டதும் விமானம் ஏறிப் போகும் கோஸ்டா ரிக்கா ஒன்று. மே மாதத்துச் சனிக்கிழமை காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு காரில் போய்வரும் ஈரி ஏரிக்கரைச் சதுப்பு நிலம், மேகீ மார்ஷ், மற்றொன்று. முதலாவதற்குச் சேமிப்பு கரையும். அடுத்ததற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. செலவைப் பார்த்தால் ஒப்பிடவே இடமில்லை. ஆனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: அங்கே பிள்ளை யாருடைய கண்ணால் பார்க்கிறது?

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையில் மானுவல் அன்டோனியோ தேசியப் பூங்கா இருக்கிறது. 1972இல் அமைக்கப்பட்டது. நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாசலிலேயே வழிகாட்டிகள் முக்காலித் தொலைநோக்கியைத் தோளில் சாய்த்து நிற்பார்கள். ஒருவரை அமர்த்திக்கொண்டு உள்ளே போனால், செக்ரோப்பியா மரத்தடியில் சட்டென்று நின்று மேலே கை காட்டுவார். நமக்கு இலைதான் தெரியும். பிள்ளை "எங்கே, எங்கே?" என்று குதிக்கும். தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் சாம்பலும் பழுப்புமாக ஒரு மயிர்ப் பொதி. அதன் மேல் லேசான பச்சை, ரோமத்தில் வளரும் பாசி. அதுதான் ஸ்லாத். வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மலம் கழிக்கவே கீழே இறங்கும் பிராணி, நமக்காக அசையப் போவதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. அலைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். வெண்முகக் கபுச்சின் குரங்குகள் மட்டும் விலக்கு. கடற்கரை வரை வந்து பையைப் பிடுங்கும். அதனால்தான் வாசலில் பையைச் சோதித்துத் தின்பண்டத்தை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஊர் திரும்பிய பிள்ளைகள் ஸ்லாத்தை விட்டுவிட்டுக் குரங்கைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை.

இதில் வழிகாட்டியின் குறை எதுவும் இல்லை. வெப்பமண்டலக் காட்டின் இயல்பே அப்படி. ஒஹாயோவின் பரப்பில் பாதிகூட இல்லாத அந்த நாட்டில் 900க்கும் மேற்பட்ட பறவையினங்கள் உண்டு. இனங்கள் ஏராளம், ஒவ்வோர் இனத்திலும் தலைகள் கொஞ்சம், ஆண்டு முழுக்க இலை அடர்ந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. பழகிய கண் இல்லாமல் அங்கே ஒன்றும் அகப்படாது.

மேகீ மார்ஷில் நிலைமை தலைகீழ். தெற்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் சிறு பறவைகளுக்கு விடியும் நேரத்தில் முன்னால் ஏரி விரிந்து கிடக்கிறது. அதைத் தாண்டினால்தான் கனடா. தாண்டுவதற்கு முன் கரையோரத்து மரக்கூட்டத்தில் இறங்கி இரை தேடுகின்றன. அந்த மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மரப்பலகைப் பாதை. இலை அப்போதுதான் துளிர்க்கிறது. ஏரியிலிருந்து கிளம்பும் கடிக்காத சிறு பூச்சிகள் கிளையெல்லாம், கார்க் கண்ணாடியெல்லாம் அப்பிக்கிடக்கின்றன. பத்து கிராம் எடையுள்ள வார்ப்ளர் என்னும் சிறு பறவை ஒன்று, பாதையின் கைப்பிடிக்கு ஒரு முழம் தள்ளி, ஏழு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில், பூச்சியை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். ஆள் நிற்பதைப் பொருட்படுத்தாது, அதற்குப் பசி. பைனாகுலர்கூட வேண்டாம். பெரியவர்கள் தலையை அண்ணாந்து தேடிக்கொண்டிருக்க, பிள்ளை முதலில் கண்டுபிடித்துவிடும். அந்த "நான்தான் முதல்ல பாத்தேன்" என்பதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

நல்லதை மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. வாடைக்காற்று அடித்தால் வரவு நின்றுவிடும். முழுக் காலையும் நின்றாலும் பழகிய நாலைந்து பறவைகள்தான். மே மாதப் பறவைத் திருவிழா வாரத்தில் பாதையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். கோஸ்டா ரிக்காவிலோ மார்ச் மழை குறைந்த கோடைக் காலம். போன காசுக்கு ஏதாவது பார்த்துவிட்டுத்தான் வருவோம்.

இரண்டு இடங்களையும் ஒரு பறவையே இணைக்கிறது. செஸ்ட்நட்-சைடட் வார்ப்ளர் மே மாதத்தில் மஞ்சள் உச்சியும் விலாவில் செம்பழுப்புப் பட்டையுமாக ஏரிக்கரைக்கு வருகிறது. அதே இனம் குளிர்காலத்தைக் கழிப்பது கோஸ்டா ரிக்கா, பனாமா காடுகளில். அங்கே நிறம் வேறு: இளம்பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி, உள்ளூர்ப் பறவைகளின் அதே கூட்டத்தோடு சேர்ந்து இரை தேடும். மார்ச்சில் போகும் குடும்பத்தின் தலைக்கு மேலேயே அது இருக்கலாம். ஸ்லாத்தைத் தேடும் அவசரத்தில் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கோஸ்டா ரிக்கா அடித்துச் சொல்லும்படி முந்துவது வேறொன்றில். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை வெட்டித் தள்ளிய நாடு அது. 1996இல் சட்டம் போட்டுக் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுத்தது. எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது. இன்று நாட்டில் பாதிக்கு மேல் காடு. மான்டேவேர்டே அருகே ஒரு பெருங்காட்டுக்குப் பெயரே குழந்தைகளின் நிரந்தரக் காடு. 1987இல் ஸ்வீடனின் சிறு பள்ளி ஒன்றில் பிள்ளைகள் காசு சேர்த்து நிலம் வாங்கத் தொடங்கியதில் வளர்ந்தது. இப்போது 20,000 ஹெக்டேருக்கு மேல். இந்தக் கதையைச் சொல்லாமல் ஸ்லாத் படத்தோடு திரும்பும் பெற்றோரிடம்தான் எனக்கு வருத்தம்.

இந்தக் கதை பத்து, பன்னிரண்டு வயதில்தான் பிடிபடும். பார்க்கப் பழகுவது அதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். ஆகவே என் கணக்கில் ஏரிக்கரை முதலில், கோஸ்டா ரிக்கா பிறகு. மே இரண்டாம் வாரத்தில், தென்காற்று வீசிய இரவுக்கு மறுநாள் விடியற்காலையில் கிளம்புங்கள். கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம். அந்த ஏரிக்காற்று மே மாதத்திலும் நடுக்கும்.