மேலிருந்து பார்க்கும் கண்: ஆவடியின் மாடும் மேய்க்கால் புறம்போக்கும்

ஆவடி என்ற பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்லுவார்கள். கவச வாகனக் கிடங்கின் நீண்ட ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகள் சேர்ந்து ஆவடி ஆனது என்பது ஒன்று. ராணுவம் வருமுன்பே ஊருக்கு அந்தப் பெயர் உண்டு, ஆகவே இதை விட்டுவிடலாம். ஆ + அடி, பசுக்கள் நின்ற இடம் என்பது மற்றொன்று. நடுவில் வகர உடம்படுமெய் தோன்றும், இலக்கணம் தடை சொல்லாது. இலக்கணம் தடை சொல்லாததெல்லாம் வரலாறாகிவிடாது என்பது தமிழ் எம்.ஏ. படித்தவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் டாங்கி, பசு என்று இரண்டு கதைகளை ஒரே ஊர் ஏன் சுமந்து நிற்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

மாட்டை ஆகாயத்திலிருந்து எண்ணுகிற நாடுகள் இருக்கின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் பண்ணை ஒரு காலத்தில் 23,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. பழைய ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய இடத்தில் நடந்துபோய் எண்ண முடியாது. விமானம் ஒரே உயரத்தில் நேர்கோட்டில் பறக்கும், கீழே ஒரு குறிப்பிட்ட அகலப் பட்டைக்குள் தெரிகிற விலங்குகளை மட்டும் எண்ணி, மொத்தப் பரப்புக்கும் பெருக்குவார்கள். அந்தக் கண்ணுக்கும் குறை உண்டு. மர நிழலில் நிற்பது தப்பிவிடும். உயரமும் வேகமும் கூடக்கூட எண்ணிக்கை குறையும். கிரீம் காஃக்லி என்ற சூழலியலாளர் 1974இல் எழுதியது இந்தப் பிழையைப் பற்றித்தான். இப்போது படம் எடுத்து, கணினியை விட்டு எண்ணச் சொல்கிறார்கள்.

அங்கே எண்ணுகிறவன் யார்? பண்ணைக்காரன். வேலிக்குள் இருக்கும் நிலம் அவன் கையில், மாடும் அவனுடையது. மேலிருந்து பார்க்கும் கண்ணும் உடைமையாளனின் கண்ணும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மேய்ப்பவன் வேறு, நிலத்தை ஆள்பவன் வேறு என்றால் என்ன ஆகும்? 1958இல் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மிக்கேலும் வரிக்குதிரைக் கோடுபோட்ட சிறு விமானத்தில் செரெங்கெட்டியின் காட்டு விலங்குகளை எண்ணினார்கள். மகன் 1959 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். அதே 1959இல் மாசாய் மேய்ப்பர்கள் செரெங்கெட்டிப் பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எண்ணிக்கைதான் வெளியேற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனிதனும் அவன் மாடும் இல்லாத புல்வெளிதான் இயற்கை என்ற பார்வை இரண்டுக்கும் பொது.

நம்ம பக்கத்திலும் உயரத்திலிருந்து பார்ப்பது புதுசல்ல. ஆவடியிலிருந்து ரொம்ப தூரமில்லாத பரங்கிமலையில்தான் 1802இல் லாம்ப்டன் தன் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டைத் தொடங்கினார். ரயத்துவாரி முறையில் வரி நிலத்தின் மேல் விழுந்தது, ஆகவே நிலம் துண்டு துண்டாக அளக்கப்பட்டது. பட்டா இல்லாதது தரிசு அல்லது புறம்போக்கு. மேய்க்கால், மந்தைவெளி என்று கணக்கில் தனித்தனியே எழுதினார்கள்தான். ஆனால் அங்கே யாருடைய மாடு எத்தனை மேய்ந்தது என்பது நிலத்தின் கணக்கில் சேரவில்லை. கால்நடைக் கணக்கெடுப்பு 1919-20இல் தொடங்கியது, ஆள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது. நிலம் ஒரு நோட்டு, மாடு ஒரு நோட்டு. மாட்டைக் கட்டுத்தறியில் எண்ணினார்கள், நிலத்தை மாடில்லாமல் வரைந்தார்கள். மேய்ச்சல் என்ற உறவு இரண்டு நோட்டுக்கும் இடையில் விழுந்து காணாமல் போனது. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம். நம் வருவாய்த் துறை மொழியில் செல்வம் நிலம் மட்டும்தான்.

1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் வந்தது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1ஏ விண்ணில் ஏறியது. அதன் முதல் கேமராவுக்கு 72.5 மீட்டர்ச் சதுரம் ஒரு புள்ளி. அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் மேல் ஒரே நிறம். அதில் எருமை எங்கே, ஆடு எங்கே? செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரித்த தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000இல் வெளிவந்தபோது, சீரழிந்த மேய்ச்சல் நிலம் தரிசில் ஒரு வகையாக அதில் இடம்பெற்றது. கோடையில் காய்ந்து மழையில் துளிர்ப்பதுதான் மேய்ச்சல் தரையின் இயல்பு. காய்ந்திருந்தால் சீரழிந்தது என்று படிப்பது படத்தின் குற்றமல்ல, படிப்பவரின் குற்றம். ‘தரிசு’ என்பது வர்ணனை மாதிரித் தெரிகிற ஓர் அதிகாரச் சொல். இந்த இடம் காலி, எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள்.

அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. அங்கேயே ஆவின் பால் நிலையமும் இருக்கிறது. வெளி மாவட்டங்களின் பால் டேங்கரில் வந்து இறங்குகிறது. பேட்டைக்குப் பின்புறம் மாடு வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் கணக்கெடுப்பு பற்றிக் கேட்டேன். “கணக்கெடுக்க வந்தா ரெண்டுதான்னு சொல்லிடுவேன் தம்பி. நாலு கீதுன்னா, எங்க மேயுதுன்னு அடுத்த கேள்வி வரும்ல?” என்றார். அவருடைய மாமியார் காலத்தில் மேய்க்கால் இருந்ததாம், இப்போது சுவர்தான். 2024இல் சென்னை மாநகராட்சி தெருவில் பிடிபடும் மாட்டுக்கு முதல் முறை 10,000 ரூபாய், மறுமுறை 15,000 ரூபாய் அபராதம் என்று உயர்த்தியது. மாடு முட்டிக் குழந்தைகள் அடிபட்டதும் உண்மைதான், அதை மறைத்துவிட்டு இந்த அம்மாவுக்காக வாதாட நான் தயாரில்லை. ஆனால் ரோட்டுக்கு மாடு எப்படி வந்தது என்று அபராத ரசீது கேட்பதில்லை. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலத்தை மீட்டுக் கிராமத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. அம்பத்தூர் 2011இல் மாநகராட்சிக்குள் போய்விட்டது. யாரிடம் ஒப்படைப்பது?

2019இல் ஏவிய கார்ட்டோசாட் 3 கால் மீட்டரைக்கூடப் பிரித்துக் காட்டும். இரண்டு மீட்டர் நீள மாடு அதில் ஏழெட்டுப் புள்ளியாகத் தெரியக்கூடும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆம் கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக மேய்ப்பர்களையும் தனியே பதிவுசெய்தார்கள். இடம்விட்டு இடம் போகிற கிடைமாட்டுக்காரர்களுக்கு அது கொஞ்சமாவது உதவலாம். பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அம்மா இடம் மாறுவதில்லை, மேய்ச்சல் நிலம்தான் மாறிப்போனது. அவருடைய மாடுகள் பகலில் பாலத்துக்கு அடியில் நிழலில் நிற்கின்றன. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அவை தெரியாது.