மணிக்கட்டில் ஒரு உபரி நாண்: வேலூரில் கைகள் நிமிர்ந்த கதை (த்ரெட்)

1/ கட்டை விரல் நுனியால சுண்டு விரல் நுனியைத் தொடுங்க. அப்படியே மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு எழும்புதா? எழும்பலையா? ரெண்டுமே நார்மல்தான், பயப்பட வேண்டாம்.

2/ ஊர்ல இதையும் "நரம்பு"ன்னுதான் சொல்வோம். உண்மையில் இது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். சுமார் 15% பேருக்கு இது இருக்காதுன்னு பாடப்புத்தகங்கள் சொல்லும். இனத்துக்கு இனம் அந்தக் கணக்கு மாறும். இல்லாட்டியும் கைக்கு நஷ்டமில்லை. ரத்தக்குழாய்களும் இப்படித்தான், எல்லார் கையிலும் ஒரே வழியில ஓடாது.

3/ இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னா, எடுத்து வேற இடத்துல வைக்கலாமே? இந்தக் கேள்விக்கு நம்ம வேலூரில் பெரிய வரலாறு இருக்கு.

4/ பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிப்போன ஒருவரிடம் "என் கையை அழுத்துங்க" என்றார். அவர் அழுத்தினதுல பிராண்டுக்கே வலித்தது. செத்துப்போச்சுன்னு எல்லாரும் நினைத்த கையில் இவ்வளவு பலம்!

5/ காரணம் எளிது. முழங்கை இடிச்சா கரன்ட் அடிக்கும்ல? அந்த அல்நார் நரம்பு அங்கே தோலுக்கு ரொம்பப் பக்கத்துல, குளிர்ச்சியான இடத்துல ஓடுது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். அந்த நரம்பு போனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழக்கும், விரல்கள் நகம் மாதிரி வளையும். ஆனால் முன்கையின் பெரிய தசைகள் பல நல்லாவே இருக்கும்.

6/ 1948-லிருந்து பிராண்ட் இதுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நல்லா இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்குத் திருப்பிவிடுவது. நீளம் பத்தலைன்னா கெண்டைக்காலில் இருந்து பிளான்டாரிஸ் என்ற மெல்லிய நாணை எடுத்து நாலாகப் பிரித்து ஒட்டுப்போடுவது. அதுவும் சிலருக்குப் பிறப்பிலேயே இருக்காது! அப்போ தொடையிலிருந்து எடுக்கணும். பிற்பாடு அந்த பால்மாரிஸையே வைத்துச் செய்யும் முறையும் வந்தது. அதனால படத்தை நம்பி கத்தி வைக்க முடியாது, ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்க்கணும்.

7/ கை நிமிர்ந்தது, கஷ்டம் தீரல. வளைந்த கையைக் காட்டிப் பிச்சை எடுத்தவருக்கு இப்போ அதுவும் கிடைக்கல. வேலை தரவும் ஆளில்லை. அதனால்தான் புதுவாழ்வு மையம் தொடங்கி தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். 1955-ல் கரிகிரி மருத்துவமனை வந்தது.

8/ அங்கே இன்னொரு உண்மையும் உறுதியானது. விரல் குறைவது கிருமி தின்பதால இல்லை, வலி தெரியாததால. சூடு படும், காயம் படும், ராத்திரி எலி கடிக்கும், எதுவும் தெரியாது. அதுக்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

9/ ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களே, உங்களுக்குத்தான் இது. தோல் வேலை, ஷூ தையல், எல்லாம் விரலை நம்பித்தான். ஊசி குத்தினது தெரியலைன்னா, சுண்டு விரல் மரத்துப்போனா, உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தா, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க.

10/ மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாசம் அல்லது 12 மாசம். நரம்பு போறதுக்கு முன்னாடி வந்துட்டா, எந்த நாணையும் இடம் மாத்த வேண்டிய அவசியமே வராது.