பொதுக் கழிப்பிடச் சீரமைப்பு

பலர் பகிரும் கழிப்பிடத்தையும் குளியலறையையும் பழுதுபார்த்து, நடத்தும் பொறுப்பைப் பயன்படுத்துவோரிடமே ஒப்படைக்கும் முறை. திருச்சிராப்பள்ளிக் குடிசைப்பகுதிகளில் 2000 வாக்கில் கிராமாலயா தொண்டு நிறுவனம் இதை வளர்த்தெடுத்தது. மகளிர் குழுவினர் வாசலில் அமர்ந்து சிறு கட்டணம் வாங்கினர். துப்புரவுக் கூலி, பழுதுச் செலவு எல்லாம் அதிலிருந்தே. குழந்தைகளுக்குத் தாழ்வான தனிப்பீடங்களும் அமைந்தன. புதுக் கட்டடத்தைவிட இந்த அன்றாடக் கவனிப்பே பெரிய மேம்பாடு.

கழிப்பிடத்தின் அமைப்பையே மாற்றும் வழியும் உண்டு. முசிறியில் ஸ்கோப் நிறுவனம் அமைத்த சூழல்நலக் கழிப்பிடத்தில் மலம், சிறுநீர், கழுவிய நீர் மூன்றும் தனித்தனியே பிரியும். சாம்பல் தூவி மூடிய மலம் மாதக்கணக்கில் மக்கி உரமாகும். பயன்படுத்தியவருக்கே ஒரு முறைக்கு 10 காசு தரப்பட்டது. ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், நிலத்தடி நீர் மேலாகக் கிடக்கும் மணற்பாங்கான இடங்களுக்கு, உறிஞ்சுகுழியைவிட இவ்வகையே ஏற்றது.